கணக்குப் பார்க்காத சுதந்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலையை விட்டுவிட்டு மனசுக்குப் பிடித்ததைச் செய்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் தொடரை விடாமல் படித்துவருகிறேன். நன்றாகத்தான் எழுதுகிறார்கள், படங்களும் அழகு. ஐ.டி. வேலையை விட்டு மண்பாண்டம் செய்யப் போனவர், வங்கி வேலையை உதறிவிட்டு ஓவியம் வரைகிறவர், இப்படி வாரம் ஒருவர். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். எனக்கு இப்போது முதலாளி கிடையாது, சமூகத்துக்கு ஏதாவது திருப்பித் தருகிறேன், இப்போதுதான் நிதானமாக வாழ்கிறேன் என்கிறார்கள். எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இதுவரை வந்த ஒரு கட்டுரையில்கூட அவர் வீட்டு வாடகை எவ்வளவு, அதை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாமல் வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள், கடைசிப் பத்திகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் மதுரையில் பக்க வடிவமைப்பு வேலை செய்பவன். புத்தகம், ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், ஜவுளிக்கடை நோட்டீஸ் என்று எது வந்தாலும் செய்வேன். ஓர் அச்சகத்தில் மாதச் சம்பளத்துக்கு இருந்தேன், அங்கிருந்து வெளியே வந்து பல வருஷம் ஆகிறது. இதை உங்கள் தொடரின் நடையில் எழுதினால் 'ஒருநாள் துணிந்து முடிவெடுத்தார்' என்று வரும். நடந்தது வேறு. என் மனைவிக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் ஒரு சம்பளம் வீட்டுக்கு உறுதியாக வந்துவிடும் என்று ஆன பிறகுதான் எனக்குத் துணிச்சலே வந்தது. என் படைப்புச் சுதந்திரத்தில் பாதிக்கு மேல் அவள் தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சம்பாதித்தது. இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. உங்கள் தொடரில் பேசுகிறவர்களுக்கு ஏன் இருக்கிறது என்றுதான் புரியவில்லை.

முதலாளி இல்லை என்பதும் முழு உண்மை கிடையாது. ஒரு முதலாளிக்குப் பதிலாகப் பத்து வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் யார் வேண்டுமானாலும் ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் 'சார், ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன்' என்று அனுப்பலாம். வெளியூர் நிறுவனங்கள் பில் தொகையில் பத்து சதவீதத்தை வருமான வரிக்காக டி.டி.எஸ். என்று முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தரும், பிடித்ததைத் திரும்ப வாங்க வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வருமானமும் கிடையாது. இதெல்லாம் புலம்பல் இல்லை. தெரிந்தேதான் வந்தேன். தெரியாமல் வரப்போகிற இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் உங்கள் தொடரைப் படிக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

சுதந்திரம் என்று எதையாவது என்னால் தொட்டுக் காட்ட முடியும் என்றால் அது ஒரு வேலையை 'முடியாது' என்று சொன்ன நேரங்கள்தான். ஒரு பயிற்சி மையத்துக்காரர் வந்தார், ஊர் பெயர் வேண்டாம். தேர்வு முடிவு வந்திருந்த சமயம், ஊரெல்லாம் வைக்க ஃப்ளெக்ஸ், பேருந்தின் பின்பக்கத்துக்கு விளம்பரம், நாலு பக்க நோட்டீஸ் என்று பெரிய வேலை. பென் டிரைவில் கொடுத்த மாணவர் படங்களைத் திறந்தால், அதில் ஒரு பெண்ணை ஏற்கெனவே எனக்குத் தெரியும். அதே வாரம் இன்னொரு மையத்தின் விளம்பரத்திலும் அந்தப் பெண்தான் முதலிடத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். 'நம்மகிட்ட ஒரு மாடல் டெஸ்ட் எழுதிச்சு சார், அதனால நம்ம ஸ்டூடன்ட்தான்' என்றார். பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது என் நேர்மை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்போது ஆறு மாதச் செலவுக்கான பணம் பேங்கில் இருந்தது, அதற்கு முந்தைய வருஷம் அதே ஆள் வந்திருந்தால் செய்துகொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். செலவைக் குறைத்து வைத்திருப்பவனால் அதிகமான வேலைகளை மறுக்க முடியும், மறுக்க முடிந்தவன்தான் தனக்குப் பிடித்த மாதிரி மீதி வேலையைச் செய்ய முடியும். வடிவமைப்பில் என்னைவிடத் திறமைசாலிகள் எத்தனையோ பேர் கார் கடனைக் கட்டுவதற்காகவே அந்த மாதிரி நோட்டீஸ்களைச் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சு வேலையாகச் சிவகாசிக்குப் போகும்போது திருமங்கலம் தாண்டி டி.கல்லுப்பட்டி வழியாகப் போவதுண்டு. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. ஜே.சி.குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் அது. உங்கள் தொடரில் வருகிற எல்லாவற்றையும், வேலையை விட்டது, சமூக வேலை, எளிமையான வாழ்க்கை எல்லாவற்றையும், கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே செய்த மனிதர். 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தியவர், அதற்கப்புறம் அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். அந்நிய ஆட்சியின் நிதிக் கொள்கைக்கும் நம் நாட்டின் ஏழ்மைக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே ஆராயப் போனதுதான் அவரைத் திருப்பிப் போட்டது. 1929இல் காந்தியைச் சந்திக்கிறார், பம்பாய் வாழ்க்கையை விட்டுவிடுகிறார். 1934இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது வார்தாவில் உட்கார்ந்து அதை நடத்தியவர் அவர்தான்.

அவர் வேலையை விட்டாரே தவிர கணக்கை விடவில்லை, எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய நிலநடுக்கம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு, நாடெங்கும் இருந்து பணம் வருகிறது, கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குமரப்பாவுக்கு. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை அணாதான் என்று ஒரு வரம்பு கட்டினார். காந்தியே தன் குழுவினருடன் அங்கே வந்தபோது, அந்த வரம்புக்கு மேல் ஆகிற செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். இடிந்துபோன வீட்டுக்காரனுக்காக வந்த காசு, அது யார் சாப்பாட்டுக்கும் போகக்கூடாது, அவ்வளவுதான். இன்றைக்கு இப்படி ஒரு ஆள் ஏதாவது அமைப்பில் கணக்கு எழுதினால் ஒரு வாரம் தாங்குவாரா என்று தெரியவில்லை.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது, 'அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்' என்றாள் மனைவி. நியாயம்தான், சேர்த்துவிட்டேன்.

அடுத்து சமூக வேலை. ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. ஆண்டறிக்கை, அறுபத்துநான்கு பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். 'இது ஒரு நல்ல காரியம் சார், உங்கள் பங்களிப்பாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்றார் பேசியவர். சரி, செய்யலாம் என்று காகித விவரம் கேட்டேன். உள்பக்கம் 170 ஜி.எஸ்.எம். கனத்தில் பளபளப்பான ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன், நிறுவனத்தின் பெயர் மட்டும் பளபளக்க ஸ்பாட் யு.வி., வெளியீடு ஒரு நட்சத்திர ஓட்டலில். காகிதக்காரர், பிரஸ்காரர், லேமினேஷன் போடுகிறவர், ஓட்டல்காரர் எல்லோருக்கும் செக் உண்டு. பங்களிக்க வேண்டிய நல்லவன் நான் ஒருவன்தான். ஏன் என்றால் என் வேலையைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது, கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டினால் வந்துவிடுகிற சமாசாரம் என்று நினைப்பு. அந்த ஆர்ட் பேப்பரைச் சாதாரண அச்சுக் காகிதமான மேப்லித்தோவாக மாற்றினாலே எனக்குக் கொடுக்க வேண்டிய கூலி அதில் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். பிறகு போன் வரவில்லை.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகள் அதில் பாதி வரைக்கும் நிர்வாகச் செலவு காட்டலாம் என்று முன்பு இருந்தது, 2020இல் சட்டத்தைத் திருத்தி இருபது சதவீதம் என்று ஆக்கிவிட்டார்கள். உள்நாட்டில் 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குக் கொடுத்தாக வேண்டும், ஆனால் கொடுக்கிறவர்கள் பள்ளிக்கூடக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி என்று கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் பிரியமாகக் கொடுப்பார்கள், ஆபீஸில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவருக்குச் சம்பளம் என்றால் முகம் சுருங்கும். அதனால் சின்ன அமைப்புகள் நிஜமாகவே கஷ்டப்படுகின்றன. களத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கே அற்பச் சம்பளம் கொடுக்கும்போது வடிவமைப்பாளருக்கு எங்கிருந்து கொடுப்பார்கள்? இந்தச் சின்னவர்களையும் நட்சத்திர ஓட்டல்காரர்களையும் பிரித்துப் பார்க்க வழி ஒன்றுதான், உட்கார்ந்து பேசிக் கணக்கைக் கேட்பது. கேட்டால் கோபப்படுகிறவர்களுக்கு நான் ஓசியில் செய்வதில்லை.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். இலவசமாகச் செய்தாலும் பில் போடுவேன். பக்கத்துக்கு இவ்வளவு, அட்டைக்கு இவ்வளவு, திருத்தம் இத்தனை முறை என்று எல்லாவற்றையும் வழக்கமான ரேட்டில் எழுதிக் கூட்டி, அதற்குக் கீழே 'கழிவு' என்று அதே தொகையைப் போட்டு, கடைசி வரியில் பூஜ்யம். சிலருக்கு இது பிடிக்காது, சொல்லிக்காட்டுகிற மாதிரி இருக்கிறதாம். ஆனால் ஒரு கிராமத்து நூலக வாசகர் வட்டத்துக்கு இப்படிக் கொடுத்த பில்லை அவர்களுடைய பொருளாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், ஆண்டுக் கூட்டத்தில் வரி வரியாக வாசித்திருக்கிறார். அடுத்த முறை வந்தபோது கழிவு பாதி போதும் என்று பணத்தோடு வந்தார். பணத்தைவிட அந்தப் பில் ஃபைலில் ஏறியதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. உழைப்பு கணக்கில் ஏறாதவரைக்கும் அது உழைப்பு என்றே யாருக்கும் தெரிவதில்லை. வீட்டில் சமைக்கிற பெண்களைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

இவ்வளவு கறாராகப் பேசுகிறவன் சமூக வேலையை வேண்டாம் என்கிறானோ என்று நினைத்துவிடாதீர்கள். நான் செய்ததிலேயே உருப்படியான வேலை, பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான ஒரு கதைப் புத்தகம்தான். முழுதாகப் பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு பிரெய்ல் இருக்கிறது. கொஞ்சம் பார்வை இருக்கிற பிள்ளைகள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்தைப் பெரிசாக்கினால் போதும் என்று நினைத்துத்தான் போனேன், அந்தப் பள்ளியின் ஆசிரியை என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிட்டார். பதினெட்டு பாயிண்டுக்குக் கீழே போகக்கூடாது. பளபளக்கும் காகிதம் ஆகவே ஆகாது, லைட் வெளிச்சம் திரும்பிக் கண்ணில் அடிக்கும். படத்தின் மேல் எழுத்தை ஓடவிடக் கூடாது. இரண்டு ஓரத்தையும் சமமாக இழுத்து நிறுத்துகிற அழகெல்லாம் வேண்டாம், வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி தாறுமாறாக விழுந்து பிள்ளை வரியைத் தொலைத்துவிடும். அப்புறம் எழுத்துரு. தடியாக இருந்தால் நல்லது என்று நான் எடுத்துக் காட்டியதில் ண, ன இரண்டின் சுழிகளும் மையில் அடைத்துக்கொண்டு ஒன்று போலத் தெரிந்தன, 'கி'யும் 'கீ'யும் குழம்பின. சுழிக்குள் வெள்ளை தெரிகிற, நடுத்தரத் தடிமன் உள்ள எழுத்தாகத் தேடித் தேடி, ஒவ்வொன்றிலும் ஒரு தாள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவேன். ஒரு பையன் தாளை மூக்கில் ஒட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, 'இது நல்லா இல்ல, ணாவுக்கு வயிறு மூடிக்கிச்சு' என்று சொல்வான். இவ்வளவு துல்லியமான விமர்சனம் எனக்கு எந்தப் பதிப்பாளரிடமும் கிடைத்ததில்லை.

படைப்புச் சுதந்திரம் என்றால் இஷ்டத்துக்குச் செய்வது என்று நினைக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் என் இஷ்டம் என்று எதுவுமே நடக்கவில்லை, எல்லாமே அந்தப் பிள்ளைகளின் கண் சொன்னபடிதான். ஆனால் வாங்கும் காசுக்கு இவ்வளவு நேரம் ஏன் போடுகிறாய் என்று கேட்க ஆள் இல்லாமல், ஒரு எழுத்தின் வயிற்றுக்காக ஒரு வாரத்தைச் செலவழிக்க முடிந்ததே, அச்சகத்தில் சம்பளத்துக்கு இருந்திருந்தால் முடிந்திருக்காது. தனியாக வந்ததற்கு எனக்குக் கிடைத்த லாபம் என்று இதைத்தான் எழுதுவேன்.

நிதானமான வாழ்க்கைக்கு வருகிறேன். இது இப்போது நல்ல வியாபாரம். கொடைக்கானலில் இரண்டு நாள் மௌன முகாம் என்று என் போனுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது, ஆளுக்குப் பதினான்காயிரம் ரூபாய், போக்குவரத்து தனி. அந்த நோட்டீஸைச் செய்தவருக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. போகிறவர்கள் போகட்டும், தூக்கமாவது கிடைக்கும். ஆனால் விழிப்போடு வாழ்வது என்றால் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதோடு முடிகிறதா? வாங்குகிற பொருள் யார் கையால், எந்த நிலைமையில் உருவானது என்பதில் வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்று குமரப்பா திரும்பத் திரும்ப எழுதினார். மண்ணெண்ணெய் வாங்கினால் அந்தக் காசு எங்கே போகிறது என்று யோசித்துத்தான் தாவர எண்ணெயில் எரிகிற விளக்கை வார்தாவில் உருவாக்கினார்கள், மகன் தீபம் (Magan Dipa) என்று பெயர். கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பத்திரிகையைக் கையால் செய்த காகிதத்தில் அச்சடித்தார்கள். என்னைப் போல அச்சுத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது கொஞ்சம் குத்துகிற விஷயம்தான். நான் செய்து கொடுத்த ஃப்ளெக்ஸ் ஒவ்வொன்றும் பி.வி.சி., விசேஷம் முடிந்ததும் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போகும், அது கிழிந்ததும் கண்மாய்க்கரைக்குப் போகும். இப்போது கல்யாண வேலை வந்தால் துணி பேனர் என்று ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். விலை கேட்டுவிட்டுப் பெரும்பாலும் ஃப்ளெக்ஸையே கேட்பார்கள். செய்துகொடுத்துவிடுவேன், ஆறு மாதச் சேமிப்பு எப்போதும் இருப்பதில்லை.

கவனம் என்பது எனக்கு வேலைக்குள்ளேயே கிடைக்கிற ஒன்று. மெய்ப்புப் பார்க்கும்போது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும்போது, போனை அடுத்த அறையில் வைத்துவிடுவேன், வேறு விரதம் கிடையாது. யுனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஃபைல் வந்தால் கொம்பு தனி எழுத்தாக இருக்கும், வார்த்தை வரி ஓரத்தில் உடைந்தால் கொம்பு மேல் வரியிலேயே நின்றுவிடும், அதற்குரிய எழுத்து கீழே இறங்கிவிடும். 'செய்தி' என்ற வார்த்தையில் கொம்பு அநாதையாக ஓரத்தில் நிற்பதைக் கண் உடனே பிடிக்காது, ஒவ்வொரு வரியின் கடைசியையும் விரல் வைத்து இறங்கித்தான் பார்க்க வேண்டும். அப்படி ஐம்பது பக்கம் இறங்கி முடிக்கும்போது மனசு அடங்கிவிடும், முகாமுக்குப் போனவர்கள் சொல்வதும் இதையேதான். சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், போன மாதம் உங்கள் வணிகப் பக்கத்திலும் இரண்டு கொம்புகள் அப்படி நின்றுகொண்டிருந்தன. பக்கம் போடுகிறவருக்கு ராத்திரி எத்தனை பக்கம் தலையில் விழுகிறதோ, அவரைத் திட்டிவிடாதீர்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். தொடரில் அடுத்து ஒரு இயற்கை விவசாயி வரப்போவதாக அறிவிப்புப் போட்டிருக்கிறீர்கள். அவர் நிலம் சொந்தமா குத்தகையா, முதல் விளைச்சல் வரும்வரை சாப்பாட்டுக்கு என்ன செய்தார், வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தச் சம்பாதிக்கிறவரின் பெயரையும் போடுங்கள், அவர் சம்மதித்தால் படத்தையும்.

இன்னொன்று குமரப்பாவைப் பற்றி. ஜனவரி 4 அவர் பிறந்த நாள், ஜனவரி 30 நினைவு நாள், 1960இல் இறந்தார். காந்தி நினைவு நாளும் அன்றைக்கே என்பதால் வருஷா வருஷம் அவருக்கு ஓரத்தில் நாலு வரிகூடத் தேறுவதில்லை. இந்த ஜனவரியில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். எழுத உங்களிடம் ஆள் இருப்பார்கள். பக்கத்தை நான் வடிவமைத்துத் தருகிறேன், பணம் வேண்டாம். பில் மட்டும் அனுப்புவேன், ஃபைலில் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
மதுரை.